பதில் தெரிந்தும் சொல்லாத ஆசிரியர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, இந்த ஏப்ரலில்தான் பிளாண்ட் ஹெட் ஆனான். கையில் ஒரு கடிதம். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் நடக்கும் தலைமைப் பயிற்சிக்கு நிறுவனம் அவனை அனுப்புகிறது. முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவன் கேட்டது இதுதான்: "சித்தப்பா, எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு. தொள்ளாயிரம் பேரை வெச்சு வேலை வாங்குறேன். ஒருநாள்கூட ஷாப் ஃப்ளோர்ல நிக்காத புரொபசர் எனக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்துடப் போறாரு?"

நியாயமான கேள்வி. நிறுவனங்களின் பயிற்சித் துறையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். மூத்த அதிகாரிகளுக்கான வகுப்புகளை ஏற்பாடு செய்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. நல்ல ஆசிரியரையும் பார்த்திருக்கிறேன், வீணாய்ப்போன நாட்களையும் பார்த்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே மாதிரிக் கடிதம் கையில் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. இந்த வகுப்பில் அந்தக் கணக்கு செல்லாது. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கு இருபது வருஷ அனுபவம் என்று வைத்தால், அந்த அறைக்குள் ஆயிரத்து இருநூறு வருஷ அனுபவம் இருக்கிறது. வங்கி, சிமெண்ட், ரயில்வே, மருத்துவமனை என்று ஒவ்வொருவரும் ஒரு உலகம். ஆசிரியர் எவ்வளவு படித்தவரானாலும் அதற்கு ஈடாகத் தன்னிடம் இருப்பதை எடுத்துக் கொட்ட முடியாது. கொட்ட முயல்கிறவர் தோற்றுப்போவார். அந்த அனுபவங்களை வெளியே வரவழைத்து, ஒன்றோடொன்று மோதவிட்டு, அந்த மோதலில் ஒவ்வொருவரும் தன் முடிவைத் தானே திரும்பிப் பார்க்கும்படி செய்வதுதான் அவருடைய தொழில்.

இந்த முறை வந்த வழி சுவையானது. 1870-ல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் லாங்டெல் என்ற பேராசிரியர், சட்ட விதிகளை ஒப்பிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, உண்மையான வழக்குகளைக் கையில் கொடுத்து விவாதிக்கச் சொன்னார். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908-ல் தொடங்கியது. 1919-ல் அதற்கு டீன் ஆக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். வழக்கை வைத்துச் சட்டம் கற்கலாம் என்றால், ஒரு கம்பெனியின் சிக்கலை வைத்து நிர்வாகம் கற்கலாமே என்று நினைத்தார். 1921-ல் ஒரு செருப்புக் கம்பெனியைப் பற்றி முதல் 'கேஸ்' எழுதப்பட்டது. அந்தப் பெயர்தான் இன்றுவரை நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுத உற்பத்திக்கு மாறிய தொழிற்சாலைகளை நடத்த, நடுவயது மேலாளர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்து 1945-ல் உருவானதுதான் மூத்த அதிகாரிகளுக்கான 'அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட் புரோகிராம்'.

விவாதித்துக் கற்கும் முறை நம் நாட்டுக்கு இரண்டு வழியாக வந்தது. 1956-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய நிர்வாகப் பணியாளர் கல்லூரி இங்கிலாந்தின் ஹென்லி கல்லூரியைப் பார்த்து அமைந்தது. சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து தாங்களே விவாதிக்கும் 'சிண்டிகேட்' முறை அங்கே. 1961-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் துணையோடு பிறந்தது. விக்ரம் சாராபாயும் உளவியல் படித்த கமலா சௌத்ரியும் அதைக் கட்டி எழுப்பியவர்கள். ஆரம்ப கால ஆசிரியர்கள் பலரை ஹார்வர்டுக்கு அனுப்பி, பாடம் நடத்துவது எப்படி என்பதையே படித்துவரச் செய்தார்கள். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் கற்பிக்கத் தெரிந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அந்த ஒரு முடிவுக்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

"அதெல்லாம் சரி சித்தப்பா, உள்ள என்ன நடக்கும்?" என்றான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை வைத்தே சொன்னேன். கஸ்தூரி ரங்கன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் எழுதி 1993-ல் வெளியான கேஸ் அது. உலகம் முழுக்க நிர்வாக வகுப்புகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வெளிநோயாளிகள் பகுதியில் கூட்டத்தைப் பார்த்தபடி தொடங்கும். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன கையோடு, 1976-ல் பதினொரு படுக்கைகளை வைத்து ஆரம்பித்த மருத்துவமனை. பணம் கொடுப்பவர்களைவிட இலவசமாகப் பார்வை பெறுகிறவர்கள் அதிகம். ஆனாலும் நஷ்டம் இல்லை.

இதைப் படித்துவிட்டு அறுபது பேர் உள்ளே வருகிறார்கள். அறை குதிரை லாட வடிவம், படிப்படியாக உயரும் வரிசை. ஹார்வர்டில் 1953-ல் ஆல்ட்ரிச் ஹால் என்ற கட்டடத்தை இந்த முறைக்காகவே இப்படிக் கட்டினார்கள். ஆசிரியரை மட்டும் பார்க்காமல், பேசுகிறவரின் முகத்தையும் எல்லோரும் பார்க்க முடியும். எண்பது நிமிடம். வகுப்பு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன்.

ஆசிரியர் வந்ததும் கேட்கிறார்: "டாக்டர் வெங்கடசாமி இடத்தில் நீங்கள் இருந்தால், அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன திட்டம் போடுவீர்கள்?" ஒரு வங்கி அதிகாரி எழுந்து, "இது ஒரு மகானின் சேவை. இதைப் பார்த்துக் கும்பிடலாம், காப்பி அடிக்க முடியாது" என்கிறார். ஆசிரியர் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. இடதுபக்கப் பலகையில் 'மகான்' என்று எழுதுகிறார். அவ்வளவுதான். கார் கம்பெனியிலிருந்து வந்தவர் பொறுக்காமல் கையைத் தூக்குகிறார். "நான் பார்த்தது அசெம்ப்ளி லைன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒரு மேஜையில் அறுவை முடிந்ததும் டாக்டர் அடுத்த மேஜைக்குத் திரும்புகிறார், அங்கே நோயாளி தயாராக இருக்கிறார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் டாக்டர் செய்கிறார்." வலதுபக்கப் பலகையில் அது ஏறுகிறது.

இப்போது ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "மீதி வேலையை யார் செய்கிறார்கள்?" என்கிறார். நர்ஸ்கள். "அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?" கிராமத்துப் பெண்கள், மருத்துவமனையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து எடுத்தது. "தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்த்தார்கள்?" மார்க்கை மட்டும் இல்லை, குணத்தை, குடும்பத்தை, சேவை மனத்தை. "அப்படியானால் இதை இடதுபக்கம் எழுதட்டுமா, வலதுபக்கம் எழுதட்டுமா?"

அந்த இடத்தில் அறை அமைதியாகும். மகானா, மெஷினா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றவர்களுக்கு, அந்த மெஷின் ஓடுவதே அந்த மகான் விதைத்ததால்தான் என்பது தானாகவே தெரிய ஆரம்பிக்கும். அரைமணி நேரம் கழித்து ஆசிரியர் அந்த வங்கி அதிகாரியிடமே திரும்புகிறார்: "நாளை முதல் நீங்கள் உங்கள் வங்கிக்கு வரவில்லை என்றால், எது தொடர்ந்து ஓடும்? எது நின்றுபோகும்?"

மருத்துவமனையைப் பற்றித் தொடங்கிய பேச்சு அவர் மேஜைக்கே வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் ஆசிரியர் தன் கருத்து என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. (டாக்டர் வெங்கடசாமி 2006-ல் காலமானார். மருத்துவமனை இன்றும் நடக்கிறது, பல ஊர்களில். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டதற்கு மதுரை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.)

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சும்மா பேச்சை ஓட்டுவதுபோலத் தெரியும். முதல்முறை கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு மூத்த ஆசிரியர் தன் குறிப்புத் தாளைக் காட்டினார். எந்தப் பலகையில் எது வரவேண்டும், கடைசியில் மூன்று பலகையும் சேர்ந்து எப்படித் தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே கட்டம் போட்டு வைத்திருந்தார். முதல் கேள்விக்கு மட்டும் நாலு வடிவம் எழுதி, மூன்றை அடித்திருந்தார். பக்கத்தில் கலந்துகொள்பவர்களின் விவரம்: யார் எங்கே வேலை, என்ன படிப்பு. "இந்தச் சிக்கலை நேரில் பட்டவர் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். அவரை முதலில் கூப்பிட மாட்டேன். எல்லோரும் தப்பாகப் பேசி முடித்த பிறகு கூப்பிடுவேன்" என்றார். எண்பது நிமிட வகுப்புக்கு இரண்டு முழு நாள் உழைப்பு.

இந்தக் கலையை ஆசிரியர்களுக்கே கற்றுக்கொடுத்தவர் என்று ஹார்வர்டில் ரோலண்ட் கிறிஸ்டென்சனைச் சொல்வார்கள். புரொபசர்களுக்கு வகுப்பு நடத்திய புரொபசர் அவர். கேஸில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிதான் தயாரிப்பு, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி என்பது அவர் காட்டிய வழி.

இந்த நேரத்தில் என் மருமகளும் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டாள்: "மாமா, அவர் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. ஷாப் ஃப்ளோர்ல நிக்காதவர்..."

உண்மைதான். இரண்டு பதில் உண்டு. நல்ல ஆசிரியர்களில் பலர் நின்றவர்கள். கோயம்புத்தூரில் 1941-ல் பிறந்த சி.கே.பிரகலாத், லயோலாவில் இயற்பியல் முடித்ததும், யூனியன் கார்பைடு பேட்டரித் தொழிற்சாலையில் சில வருஷம் வேலை பார்த்தவர். அதற்குப் பிறகுதான் அகமதாபாத், ஹார்வர்டு, மிச்சிகன் எல்லாம். உலகத்தின் பெரிய கம்பெனித் தலைவர்கள் அவர் முன்னால் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். 2004-ல் அவர் எழுதிய புத்தகத்திலும் அரவிந்த் வருகிறது. நிற்காதவர்களும், கேஸ் எழுதுவதற்காக மாதக்கணக்கில் கம்பெனிகளில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நூற்றுக்கணக்கான மேலாளர்கள் ஒரே சிக்கலில் எப்படி மாட்டுகிறார்கள் என்று கேட்கிறார்கள். ஒரு தொழிற்சாலையை ஆழமாகத் தெரிந்தவன் இவன். நூறு தொழிற்சாலைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தப்பைத் தெரிந்தவர் அவர். இரண்டும் சேர்ந்தால்தான் வகுப்பு.

கேஸ் மட்டும்தான் வழி என்றும் இல்லை. ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் ரொனால்டு ஹைஃபெட்ஸ் வேறு விதமாக நடத்தியவர். மனநல மருத்துவம் படித்தவர், செல்லோ வாசிப்பவர். வகுப்பறையில் அந்த நிமிடம் நடப்பதையே அவர் பாடமாக்கிவிடுவார். ஆசிரியர் வழிகாட்டுவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் பேசாமல் இருப்பார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் தலைமை எடுக்கப் பார்ப்பார், இன்னொருவர் எரிச்சல்படுவார், சிலர் ஒதுங்கிக்கொள்வார்கள். அப்போது, "மேலே இருப்பவர் பதில் சொல்லாதபோது நாம் என்ன செய்கிறோம், பார்த்தீர்களா?" என்பதுபோல் திருப்பிக் காட்டுவார்.

சிக்கல்களை அவர் இரண்டாகப் பிரிப்பது எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. நம் வீட்டு உதாரணத்தில் சொல்கிறேன். இதயக் குழாயில் அடைப்பு என்றால் டாக்டர் அறுவை செய்து சரிசெய்வார், அது தெரிந்த வித்தை உள்ள சிக்கல். அதற்குப் பிறகு காலையில் நடப்பது, எண்ணெயைக் குறைப்பது, சிகரெட்டை விடுவது இவற்றை எந்த டாக்டரும் நமக்குப் பதிலாகச் செய்ய முடியாது. அங்கே மாற வேண்டியது நாம். நிறுவனங்கள் இந்த இரண்டாவது வகைச் சிக்கலுக்கு முதல் வகை மருந்தைத் தேடுகின்றன. புது சாஃப்ட்வேர் வாங்குவார்கள், புது விதி போடுவார்கள், சிக்கல் அப்படியே இருக்கும்.

"என் பிளாண்ட்ல அப்படி எதுவும் இல்ல" என்றான் அண்ணன் மகன்.

சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்து வைத்திருந்த பழைய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரு கோடு போடச் சொன்னேன். கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்டு ஷோன் என்ற இரண்டு பேராசிரியர்கள் வளர்த்த பயிற்சி இது. சரியாகப் போகாத ஒரு உரையாடலை நினைத்துக்கொள்ள வேண்டும். வலதுபக்கம், இருவரும் வாயால் சொன்னது. இடதுபக்கம், அப்போது மனசுக்குள் ஓடியும் சொல்லாமல் விட்டது.

அவன் யோசித்து எழுத ஆரம்பித்தான். போன மாதம் ஒரு லாட் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்ததாம். குவாலிட்டி பார்க்கும் அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசியது. வலதுபக்கம் மூன்றே வரி. "என்ன ஆச்சு?" "கேஜ் மாத்தினதுல சின்னக் குழப்பம் சார்." "சரி, இனிமே பாத்துக்கங்க." இடதுபக்கம் வேகமாக எழுதினான்: "பொய் சொல்றான். போன தடவையும் இதையேதான் சொன்னான்." அங்கே பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, சின்ன எழுத்தில் இன்னொரு வரி எழுதினான்: "டெஸ்பாட்ச் டார்கெட்டுக்காக செக் பண்ணாம அனுப்பச் சொல்லி விரட்டினதே நான்தான்."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இந்தக் கடைசி வரி ஏன் வலது பக்கத்துக்கு வரவே இல்ல?"

டீ ஆறிப்போனது. அவன் பதில் சொல்லவில்லை, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் பயிற்சி பெற்ற ஆசிரியன் இல்லை, பார்த்துக் கற்றவன். எனக்கே இவ்வளவு தூரம் வர முடிகிறது என்றால், இருபது வருஷம் இதையே செய்தவர் கையில் அந்தத் தாள் எவ்வளவு தூரம் போகும்! ஆர்கிரிஸ் 1991-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: வாழ்க்கையில் பெரும்பாலும் ஜெயித்தே பழகிய கெட்டிக்காரர்களுக்குத் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளத் தெரிவதில்லை. தப்பு நடந்தால் கை தானாக வெளியே சுட்டுகிறது. நன்றாகப் படித்தவர்களுக்கே அதைத் தன் பக்கம் திருப்புவது கஷ்டம். அவர்கள் மனம் நோகாமல், ஆனால் விட்டும் கொடுக்காமல், அந்தக் கையைத் திருப்பிக் காட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். மூத்தவர்களுக்கான வகுப்பில் தேர்ந்த ஆசிரியர் தேவைப்படுவது இதற்காகத்தான். உற்பத்திப் பாடமோ நிதிப் பாடமோ புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

எல்லா வகுப்பும் இப்படி அமையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தில் இருந்தபோது பெயர் பெற்ற ஒரு பயிற்சியாளரை இரண்டு நாள் வகுப்புக்கு நான்தான் ஏற்பாடு செய்தேன். அருமையான குரல், கதைக்குமேல் கதை, கைதட்டல். முடிவில் கொடுத்த படிவத்தில் எல்லோரும் மார்க் அள்ளிப் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களைக் கேட்டேன், என்ன மாற்றினீர்கள் என்று. சொன்ன கதைகள் நினைவிருந்தன. மாற்றியது எதுவும் இல்லை. அந்தப் பணமும் அத்தனை பேரின் இரண்டு நாளும் போனது இன்றும் எனக்கு உறுத்தல்.

இதற்கான அளவுகோல் 1959-லேயே வந்துவிட்டது. டொனால்டு கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பயிற்சியை நாலு படியாக அளக்கச் சொன்னார். வந்தவருக்குப் பிடித்ததா? ஏதாவது கற்றாரா? திரும்பிப் போய் நடத்தையில் மாறினாரா? அதனால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா? நம் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. படிவத்தில் மார்க் வாங்குகிறவர் அடுத்த வருஷமும் கூப்பிடப்படுகிறார். சங்கடமான கேள்வி கேட்டு, முதல் நாள் எல்லோரையும் முகம் சுளிக்க வைத்து, மூன்றாவது மாதம் வேலை செய்யும் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். கேள்வி கேட்கிற ஆசிரியர்கள் குறைந்து, மேடைப் பேச்சாளர்கள் பெருகுவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கிளம்பும்போது அவன் கேட்டான், "சரி, நான் என்ன செய்யணும்?"

ராத்திரி எவ்வளவு நேரமானாலும் கேஸை இரண்டு தடவை படித்துவிட்டுத் தூங்கச் சொன்னேன். உன் துறைக்காரனோடு சேர்ந்து உட்காராதே, சாப்பாட்டு மேஜையில் ஆஸ்பத்திரிக்காரரையும் ரயில்வேக்காரரையும் தேடிப் பிடி என்றேன். பையிலிருக்கும் தாளைப் பத்திரமாகக் கொண்டுபோகச் சொன்னேன். புறப்படும் முன் உன் மேலதிகாரியிடம் போய், "திரும்பி வந்ததும் டெஸ்பாட்ச் டார்கெட் விஷயத்தில் எதை மாற்ற எனக்கு அனுமதி கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போ என்றேன். அவன் அதை மட்டும் மொபைலில் குறித்துக்கொண்டான்.

பயிற்சிக்கு ஆள் தேர்வு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பளபளப்பான கையேட்டையும் பழைய மார்க் பட்டியலையும் பார்த்து ஆசிரியரைத் தேர்வு செய்யாதீர்கள். அவர் வேறு எங்காவது நடத்தும் வகுப்பில், அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் கடைசி வரிசையில் உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எத்தனை நிமிடம் பேசுகிறார், வந்தவர்கள் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.